இலிஷ், ஜாட்கா, சாப்பிலா: அடையாளம் காண அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொல்கத்தாவுக்கு வேலை மாற்றலாகி வரும் தமிழர்கள் மீன் சந்தைக்குப் போன முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்விகள் இவை. ஊரிலிருந்து போன் செய்து கேட்பவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது. கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன.

இலிஷ் இலிஷ்னு சொல்றாங்களே, அது என்ன மீன்? நம்ம ஊர்ல கிடைக்குமா?

வங்காளிகள் இலிஷ் என்றும் மற்றவர்கள் ஹில்சா என்றும் சொல்வது, தமிழில் உள்ளம் என்று பெயர் பெற்ற மீன்தான். டெனுவலோசா இலிஷா என்பது அறிவியல் பெயர். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குள் ஏறி வரும். குஞ்சுகள் சில மாதம் நன்னீரிலேயே வளர்ந்து பிறகு கடலுக்கு இறங்கும். அதனால்தான் இதே மீன் ஆற்றிலும் கிடைக்கிறது, கழிமுகத்திலும் கிடைக்கிறது, கடலிலும் கிடைக்கிறது.

ஆந்திராவில் கோதாவரி ஏறி வரும்போது இதற்குப் புலச என்று பெயர். சிந்து ஆற்றில் பல்லா. குவைத், ஈராக் பக்கம் வேலை பார்த்தவர்கள் சுபூர் என்ற பெயரில் சாப்பிட்டிருப்பார்கள். காவிரியிலும் ஒரு காலத்தில் ஏறியது. கொள்ளிடத்துக் கீழணையும் 1934இல் முடிந்த மேட்டூர் அணையும் வந்த பிறகு அந்த வரத்து ஒடுங்கிவிட்டது. கங்கையில் 1975இல் ஃபராக்கா தடுப்பணை வந்து இதே வேலையைச் செய்தது. அதற்கு முன் அலகாபாத் தாண்டியும் இலிஷ் போயிருக்கிறது.

இதே மாதிரி இருக்கிற மீன்கள் எதெல்லாம்?

வெள்ளி நிறம், தட்டையான உடம்பு, கூரான அடிவயிறு, பிளந்த வால் என்று பார்த்தால் ஒரு பெரிய கூட்டமே வரும். சந்தையில் நிஜமாகவே குழப்பம் தருபவை மட்டும் இங்கே: இலிஷின் குஞ்சான ஜாட்கா, முழுக்க நன்னீரிலேயே வாழும் சாப்பிலா (குடுசியா சாப்ரா), அதன் தூரத்து உறவான கோனி சாப்பிலா (கோனியலோசா மன்மினா), கடலோரத்துச் சந்தனா இலிஷ் (டெனுவலோசா டோலி), குர்தா இலிஷ் (ஹில்சா கெலி), கடைசியாக மத்தி வகைகள்.

இலிஷ், சாப்பிலா, கோனி சாப்பிலா மூன்றையும் அறிவியல் உலகுக்கு 1822இல் சொன்னவர் ஒருவரே, ஃபிரான்சிஸ் ஹாமில்டன். வங்காளத்தில் வழங்கிய பெயர்களையே எடுத்து இலிஷா, சாப்ரா, மன்மினா என்று வைத்துவிட்டார். ஆக இந்த மீன்களைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இங்கே அதற்கும் முந்தியது.

மீனைக் கையில எடுத்ததும் முதல்ல எங்க பார்க்கணும்?

வாயைப் பாருங்கள். மீனை உங்கள் பக்கம் திருப்பி, வாயை லேசாகத் திறந்து, மேல்தாடையின் நடுப்பகுதியை முன்னாலிருந்து பார்க்க வேண்டும். இலிஷுக்கு அங்கே தெளிவான ஒரு வெட்டு இருக்கும். கீழ்த்தாடையின் நுனி அதில் போய்ப் பொருந்தும். சாப்பிலா, சந்தனா, குர்தா மூன்றுக்கும் இதே வெட்டு உண்டு. மத்திக்கு இல்லை. இந்த ஒரு சோதனையிலேயே மத்தி கழிந்துவிடும்.

வாய் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் அப்போதே கவனித்துக்கொள்ளுங்கள். இலிஷுக்கு வாய் முகத்தின் நுனியில் இருக்கும். மூக்கு மழுங்கி முன்னால் நீட்டிக்கொண்டு, வாய் அதற்குக் கீழே ஒடுங்கி இருந்தால் அது வேறு கூட்டம். கோனி சாப்பிலா அந்தக் கூட்டத்தில் வரும்.

அடிவயிற்றைத் தடவினால் சொரசொரவென்று குத்துகிறதே, அதுதானே அடையாளம் என்று பலர் கேட்பார்கள். அந்த முள்செதில் வரிசை இலிஷுக்கு 30 முதல் 33 வரை இருக்கும். ஆனால் இந்தக் கூட்டத்தில் எல்லா மீனுக்கும் வயிறு அப்படித்தான் குத்தும். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

பக்கவாட்டுல கறுப்புப் புள்ளி வரிசையா இருந்தா இலிஷ்தானே?

இல்லை. கடைக்காரர்கள் அதிகம் காட்டும் அடையாளம் இதுதான், இருப்பதிலேயே மோசமான அடையாளமும் இதுதான். இலிஷ் சிறிதாக இருக்கும்போது செவுள் மூடிக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டும், அதைத் தொடர்ந்து விலாவில் சிறு புள்ளிகளும் இருக்கும். வளர வளர அவை மங்கும். பெரிய இலிஷில் பெரும்பாலும் தெரியவே தெரியாது. சாப்பிலாவுக்கும் தோள்பொட்டு உண்டு, சிலவற்றில் புள்ளி வரிசையும் வரும். குர்தா இலிஷுக்கு வளர்ந்த பிறகும் வரிசை தெரியும். போதாக்குறைக்கு, பனிக்கட்டியில் கிடந்து செதில் உதிர்ந்த மீனில் இருந்த புள்ளியும் போய்விடும்.

புள்ளியால் உருப்படியாக ஒரே ஒரு பயன் இருக்கிறது. அதைச் சந்தனா பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

ஜாட்காவையும் சாப்பிலாவையும் எப்படிப் பிரிக்கிறது? ரெண்டும் ஒரே சைஸ், ஒரே நிறம்.

அதிகம் வரும் கேள்வி இதுதான். காரணம் இருக்கிறது: ஜாட்கா பிடிப்பதும் விற்பதும் தடை, சாப்பிலாவுக்குத் தடை இல்லை. அதனால் ஜாட்காவைச் சாப்பிலா என்று சொல்லி விற்பது இரண்டு வங்காளத்திலும் பழகிப்போன தந்திரம்.

செதிலைப் பாருங்கள். இலிஷுக்குப் பக்கவாட்டில் தலையிலிருந்து வால் அடி வரை ஒரு வரிசையில் 45க்கு ஒட்டித்தான் செதில்கள். சாப்பிலாவுக்கு 80க்கு மேல். நீளம் ஒன்றாக இருக்கும் இரண்டு மீனில், ஒன்றில் மற்றதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு செதில் இருக்க வேண்டுமானால் ஒவ்வொன்றும் பொடியாகத்தான் இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எண்ணவே தேவையில்லை. ஜாட்காவில் ஒவ்வொரு செதிலும் தனியாகக் கண்ணுக்குத் தெரியும், சாப்பிலாவின் தோல் பொடிப்பொடியாக, வரிசை கொஞ்சம் கலைந்ததுபோல் இருக்கும். நகத்தால் சுரண்டினால் இன்னும் நன்றாகப் புரியும்.

அடுத்தது உடம்பு வாகு. சாப்பிலா நீளத்துக்கு அகலம் கூடியது, வயிறு கீழே நன்றாக வளைந்து இறங்கும். அதே நீளத்து ஜாட்கா ஒடிசலாக இருக்கும். இது பழகிய கண்ணுக்குத்தான். புதியவர்கள் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

மூன்றாவது சோதனை சினை. சாப்பிலா முழு வளர்ச்சியிலேயே 20 சென்டிமீட்டரைத் தாண்டாது, வழக்கமாக அதற்கும் சிறிது. ஆகவே ஒரு சாண்கூட இல்லாத மீனின் வயிற்றில் சினை இருந்தால் அது சாப்பிலா, வளர்ந்த மீன். அந்த அளவு ஜாட்கா இன்னும் குஞ்சு, சினை இருக்க வழியில்லை. ஆனால் திருப்பிச் சொல்ல முடியாது. சினை இல்லை என்பதால் ஜாட்கா என்று ஆகாது. ஆணாக இருக்கலாம், பருவம் இல்லாமல் இருக்கலாம்.

செதிலை எண்ணச் சொல்றீங்களே, எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கிறது?

கெண்டை மாதிரி மீன்களில் உடம்பின் நடுவே ஒரு பக்கக்கோடு ஓடும், அதைப் பிடித்துக்கொண்டே எண்ணிவிடலாம். இந்த மீன்களுக்கு அந்தக் கோடு கிடையாது. செவுள் மூடியின் மேல்விளிம்பு முடியும் இடத்துக்குப் பின்னால் ஆரம்பித்து, வால் துடுப்பு தொடங்கும் மடிப்பு வரை நேராக ஒரு வரிசையைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஈரத்தைத் துணியால் துடைத்துவிட்டு, ஒரு ஊசியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினால் குழப்பம் வராது. செதில் உதிர்ந்த இடத்திலும் அது உட்கார்ந்திருந்த பை போன்ற தடம் இருக்கும், அதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

சந்தையில் நின்றுகொண்டு எண்ண முடியாது என்பது தெரியும். பாதி வரை எண்ணினாலே போதும். உடம்பின் பாதிக்குள் 40ஐத் தொட்டுவிட்டால் அது இலிஷ் இல்லை.

எத்தனை சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தா தடை? ஒருத்தர் 23ன்னு சொல்றார், இன்னொருத்தர் 25ங்கிறார்.

இரண்டு பேரும் சரிதான், நாடுதான் வேறு. மேற்கு வங்கத்தில் 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த இலிஷைப் பிடிக்கவோ விற்கவோ கூடாது. 90 மில்லிமீட்டருக்குக் குறைந்த கண்ணுள்ள வலைக்கும் தடை. இந்தச் சிறு மீனைத்தான் இங்கே கோகா இலிஷ் என்கிறார்கள். வங்கதேசத்தில் முன்பு 23ஆக இருந்தது, 2014இல் 25 ஆக்கினார்கள். அங்கே ஜாட்கா தடை நவம்பர் முதல் ஜூன் முடிய. அக்டோபர் வாக்கில் தாய் மீன் முட்டையிட ஏறும் நேரத்தில் 22 நாள் தனித் தடை ஒன்றும் உண்டு.

கையில் அளவுகோல் இல்லாதபோது ஒரு சாணைவிடக் கொஞ்சம் நீளம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் 23க்குப் பக்கத்தில் வரும். அதைவிடச் சிறிய இலிஷ் என்றால் பெயர் எதுவானாலும் விட்டுவிடுங்கள். ருசியும் இல்லை, முள்தான் மிச்சம்.

சாப்பிலாவுலயே ரெண்டு வகை இருக்காமே?

ஆமாம், மேலே சொன்ன கோனி சாப்பிலா. கங்கை, பிரம்மபுத்திரா பக்கங்களில் சாப்பிலாவோடு கலந்தே வரும். மூக்கு மழுங்கி, வாய் அதன் கீழ்ப்பக்கம் இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். செதிலும் சாப்பிலா அளவுக்குப் பொடி இல்லை. சமையலைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, வறுத்துத் தின்பவர்கள் பிரிப்பதே இல்லை.

மீன் எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்டு வையுங்கள். வங்கதேசத்தின் காப்டாய் ஏரி அணை கட்டி உண்டானது. அங்கே சாப்பிலா ஏராளம். கடலிலிருந்து இலிஷ் அங்கே ஏறிப் போக வழியில்லை. உண்மையாகவே காப்டாய் மீன் என்றால் ஜாட்கா சந்தேகம் தேவையில்லை. 'உண்மையாகவே' என்பதுதான் சிக்கல்.

சந்தனா இலிஷ்னு குறைச்ச விலைக்குக் குடுத்தாங்க. அதுவும் இலிஷ்தானா?

நெருங்கிய உறவு, ஆனால் வேறு இனம். சந்தனா என்று முறையாகச் சொல்ல வேண்டியது டெனுவலோசா டோலியை. வாயில் வெட்டு உண்டு, உடம்பு வாகும் அதேதான், அரை மீட்டர் வரையிலும் வளரும். வெளியிலிருந்து பார்த்துப் பிரிப்பதில் இந்தப் பக்கத்திலேயே கடினமான ஜோடி இது.

செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். சிவப்புப் பகுதிக்கு எதிர்ப்புறம், வளைவின் உள்விளிம்பில் மெல்லிய முட்கள் நெருக்கமாக நிற்கும். நீரிலிருந்து நுண்ணுயிர்களை வடிகட்ட மீனுக்கு அவை உதவுகின்றன. இலிஷில் முதல் வளைவின் கீழ்ப்பகுதியில் மட்டும் இவை 100இலிருந்து 250 வரை இருக்கும், மிக நெருக்கம். டோலியில் 60 முதல் 100 வரைதான், சற்று இடைவெளி தெரியும். வயிற்று முள்செதிலும் டோலியில் 28 முதல் 30 வரை, இலிஷைவிட ஒன்றிரண்டு குறைவு.

புள்ளியின் பயன் என்றேனே, அது இங்கேதான். டோலிக்குத் தோள்பொட்டு ஒன்று மட்டும் உண்டு, விலாவில் வரிசை வராது. ஆக, விலாவில் புள்ளி வரிசை தெரிந்தால் அது டோலி இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். வரிசை இல்லாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது, வளர்ந்த இலிஷுக்கும் இருக்காது.

குர்தா இலிஷ்?

அதைப் பிரிப்பது எளிது. தலையின் மேல்புறம், கண்களுக்குப் பின்னால், மண்டை மீது மெல்லிய வரிகள் 8 முதல் 14 வரை தெளிவாகத் தெரியும். இலிஷ், சந்தனா என்ற டெனுவலோசாக்களில் அந்த இடம் தோல் மூடி மழமழவென்று இருக்கும். குர்தா பெரும்பாலும் 20 சென்டிமீட்டருக்குள்தான் வரும், உடம்பும் அகலம். கடலோர மீன், உள்நாட்டு ஆற்றில் பிடித்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பைசாகத்துக்கு வாங்கின இலிஷ் மத்தியாம். எப்படிக் கண்டுபிடிச்சிருக்கலாம்?

ஏப்ரல் நடுவில் வரும் வங்காளப் புத்தாண்டில் பழையசோறும் இலிஷும் தின்பது டாக்காவில் பெரிய மோஸ்தர். அந்த நேரத்தில் இலிஷ் வரத்தோ குறைவு. உறைய வைத்த பெரிய மத்தி அந்த இடத்தை நிரப்புகிறது. அதையும் சந்தனா என்றே சொல்லி விற்பார்கள், அதனால் முந்தின கேள்வியில் வந்த பெயரை மட்டும் நம்பிப் பயனில்லை.

வாயில் வெட்டு இருக்காது என்று முன்பே சொன்னேன். அதற்கு மேல் இரண்டு இடம் பாருங்கள். செவுள் மூடியைத் தூக்கினால், செவுள் திறப்பின் பின்விளிம்பில் மத்திக்கு இரண்டு சிறு சதைத் துருத்தல்கள் இருக்கும், இலிஷுக்கு அந்த விளிம்பு ஒரே சீராக ஓடும். பிறகு வயிற்றுக்குப் பின்னால் உள்ள குதத்துடுப்பு: மத்தியில் அதன் கடைசி இரண்டு கதிர்களும் மற்றவற்றைவிடப் பெரிதாக இருக்கும். மத்தியின் கண்ணும் தலைக்குப் பெரிதாகத் தோன்றும். தமிழ்நாட்டுக் கடற்கரைக்காரர்களை இதில் ஏமாற்ற முடியாது. தோலையும் நாற்றத்தையும் வைத்தே மத்தியைச் சொல்லிவிடுவார்கள்.

பாக்கெட்ல 'இலிஷா'ன்னு அறிவியல் பெயர் போட்டிருந்தா சரிதானே?

எந்த இடத்தில் போட்டிருக்கிறது என்று பாருங்கள். டெனுவலோசா இலிஷா என்று இரண்டாவதாக வந்தால் நம் மீன். இலிஷா என்று முதலில் வந்து பின்னால் வேறு சொல் இருந்தால், அது முற்றிலும் வேறு குடும்பம். அந்த மீனின் கீழ்த்தாடை மேல்நோக்கித் துருத்தும், குதத்துடுப்பு உடம்பின் பின்பாதி முழுக்க நீண்டு ஓடும். கண்ணால் பார்த்தால் யாரும் ஏமாற மாட்டார்கள், பெட்டியில் பெயரை மட்டும் படிப்பவர்கள்தான் மாட்டுவார்கள். இதேபோல ஹில்சா கெலி என்று இருந்தால் அது குர்தா. பெயர் வைத்த விதம் வாங்குபவருக்கு உதவியாக இல்லை என்பது வாஸ்தவம்.

பத்மா இலிஷ், கங்கை இலிஷ், பர்மா இலிஷ்: பார்த்துச் சொல்ல முடியுமா?

மூன்றும் ஒரே இனம். அதனால் இதுவரை சொன்ன எந்த அடையாளமும் இங்கே வேலைக்கு ஆகாது. ஆற்றில் ஏறிய மீனுக்கும் கடலில் பிடித்த மீனுக்கும் வித்தியாசம் தெரியும் என்பது உண்மை. ஆற்று மீன் தோள் திரண்டு, குட்டையாக, கொழுத்து இருக்கும். கடல் மீன் நீண்டு மெலிந்திருக்கும். ஆனால் பத்மாவா, மேக்னாவா, ஹூக்ளியா என்று கண்ணால் பார்த்துச் சொல்கிறேன் என்பவர் விலையைத்தான் பார்த்துச் சொல்கிறார். பர்மா மீன் பெரும்பாலும் உறைய வைத்து வருவது. கண் குழிந்து, தோலின் மினுக்கம் செத்துப்போயிருக்கும். அது பயணத்தின் அடையாளம், ஊரின் அடையாளம் இல்லை.

கோதாவரிப் புலசைக்கும் இதே கதைதான். தாலியை விற்றாவது புலச தின்ன வேண்டும் என்று தெலுங்கில் பழமொழியே உண்டு. ஒடிசாவிலிருந்து வந்த இலிஷைப் புலச என்று விற்றால் எந்தச் செதிலை எண்ணியும் கண்டுபிடிக்க முடியாது.

ஆணா பெண்ணான்னு வெளியில தெரியுமா? சினை வேணும்.

ஓரளவு. பெண் பெரிதாக வளரும், வயிறு தாழ்ந்து இருக்கும். ஆண் ஒல்லி. ஒரு கிலோவைத் தாண்டிய மீன் பெரும்பாலும் பெண்ணாகத்தான் இருக்கும். வயிற்றை வாலை நோக்கி மெதுவாக அழுத்தினால் பருவத்தில் ஆணிடமிருந்து பால் போல வரும். கடைக்காரர் அதற்கு விடமாட்டார், அது வேறு விஷயம். சந்தனாவில் ஒரு வேடிக்கை: டோலி முதலில் ஆணாக இருந்து வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும் இனம். இலிஷ் அப்படி இல்லை.

துண்டு போட்டு வச்சிருந்தா என்ன செய்றது?

துண்டின் அளவைப் பாருங்கள். உள்ளங்கை அகலத்துக்குத் துண்டு இருந்தால் சாப்பிலா, குர்தா, மத்தி எல்லாமே கழிந்துவிடும். அவ்வளவு பெரிதாக அவை வளராது. மிஞ்சுவது இலிஷ் அல்லது டோலி. தலையைக் கேட்டு வாங்குங்கள். தலை கிடைத்தால் செவுள் கிடைக்கும், செவுள் கிடைத்தால் சந்தனா பற்றிய பதிலில் சொன்னபடி பார்த்துக்கொள்ளலாம். தலை இல்லை என்று சொல்லும் கடையில் நான் வாங்குவதில்லை, வங்காளத்தில் இலிஷ் தலையை யாரும் தூக்கி எறிவதில்லை.

முதுகுத் துடுப்புல கடைசியில நூல் மாதிரி ஒண்ணு நீளமா தொங்குது. இது எந்த இலிஷ்?

எந்த இலிஷும் இல்லை. இந்தியக் கடற்கரையில் அப்படி இருந்தால் பெரும்பாலும் நெமடலோசா நாசுஸ். சில்கா ஏரியில் நிறைய வரும், பழவேற்காட்டிலும் உண்டு. வாயும் கோனி சாப்பிலா போலக் கீழ்ப்பக்கம்தான். நூல் இல்லாமல், மற்றபடி அதே சாயலில், செவுளுக்குப் பின்னால் பெரிய கரும்பொட்டோடு இருந்தால் அனோடோன்டோஸ்டோமா சகுண்டா.

அமெரிக்காவிலிருந்து கேட்பவர்களுக்கு: அங்கே நன்னீரில் நூலோடு வருபவை இரண்டு. கிஸர்ட் ஷாட் என்பதில் மூக்கு வாயைத் தாண்டி முன்னால் நிற்கும், குதத்துடுப்பில் கதிர்கள் பெரும்பாலும் 29க்கு மேல். த்ரெட்ஃபின் ஷாட்டுக்கு வாய் நுனியிலேயே இருக்கும், வால் மஞ்சள், கதிர்கள் 25க்குள். இரண்டும் தூண்டிலுக்கு இரையாகப் போடும் மீன்கள். அங்குள்ள வங்காளிகள் இலிஷுக்குப் பதிலாக வாங்குவது அலோசா சபிடிசிமா என்ற அமெரிக்கன் ஷாட். அதற்கு அந்த நூல் கிடையாது.

போட்டோ அனுப்பினா சொல்வீங்களா?

சொல்கிறேன், ஆனால் தட்டில் வைத்து மேலிருந்து எடுத்த ஒரே படத்தை வைத்து முடியாது. மூன்று படம் வேண்டும். வாயைத் திறந்து நேர் முன்னாலிருந்து ஒன்று. பக்கத்தில் அளவுகோல் வைத்து முழு மீனின் பக்கவாட்டுத் தோற்றம் ஒன்று. விலாவின் நடுப்பகுதியைக் கிட்டத்தில் வைத்து, செதில் எண்ணும்படி ஒன்று. பெரிய மீன் என்றால் செவுள் மூடியைத் தூக்கி நான்காவதாக ஒன்றும் எடுங்கள். பிளாஷ் போடாதீர்கள், வெள்ளி மின்னி எதுவும் தெரியாது. செதில் சுரண்டுவதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள்.